அம்மிணிக்கு, பெல்ட் மாற்றுவதற்கு முன்

அம்மிணி,

கார் என்ஜின் பெல்ட்டை நானே மாற்றப் போகிறேன் என்று நீ அனுப்பிய போட்டோ இரண்டும் பார்த்தேன். முதல் போட்டோவைப் பெரிதாக்கிப் பார்த்ததில் பெல்ட்டின் வரிகளுக்கு நடுவே பள்ளம் அகலமாகிவிட்டது தெரிகிறது, ஓரத்தில் ஒரு இடத்தில் நூல் பிரிந்து தொங்குகிறது. மாற்ற வேண்டியதுதான், சந்தேகமே இல்லை. காலையில் ஸ்டார்ட் பண்ணியதும் கீச்சென்று கத்துகிறது, கொஞ்ச நேரத்தில் அடங்கிவிடுகிறது என்று எழுதியிருந்தாயே, அது இதனால்தான். விரிசலே இல்லையே அப்பா என்று கேட்டிருக்கிறாய். பழைய பெல்ட் எல்லாம் விரிசல் விட்டுக் காட்டிக் கொடுத்துவிடும். இப்போது வருவது இ.பி.டி.எம். ரப்பர், மேலே பார்த்தால் நன்றாகவே இருக்கும், வரி மட்டும் தேய்ந்துகொண்டே போகும். உன் மேல் தப்பில்லை.

மெசேஜ் வந்த நேரத்தைப் பார்த்தேன். உங்கள் மிச்சிகனில் அப்போது ராத்திரி இரண்டரை மணி. பெல்ட் எங்கேயும் ஓடிப்போகாது, நேரத்தோடு தூங்கு.

செல்வி கல்யாணம் நல்லபடியாக முடிந்தது, அந்தியூர் அத்தை வழக்கம்போலக் கோபித்துக்கொண்டு வழக்கம்போலவே முதல் பந்தியில் உட்கார்ந்தாள். மற்றதெல்லாம் அம்மா சொல்லுவாள். நான் பெல்ட்டுக்கு வருகிறேன்.

முதலில், சாவி உன் பாக்கெட்டில் இருக்க வேண்டும். வண்டியில் இல்லை, சமையலறை மேடையில் இல்லை, உன் பாக்கெட்டில். பேட்டரி நெகட்டிவைக் கழற்றிவிடு. என்ஜின் நன்றாக ஆறியிருக்க வேண்டும். உன் வண்டியில் பெல்ட் இருப்பது வலது பக்கம், நம் ஊரில் அது டிரைவர் பக்கம், உங்களுக்கு அது பக்கத்து சீட் பக்கம். வலது முன் சக்கரத்தைக் கழற்றி உள்ளே இருக்கிற பிளாஸ்டிக் மறைப்பையும் எடுத்துவிட்டால் கை போக இடம் கிடைக்கும். ஜாக்கை மட்டும் நம்பிக் கை விடாதே, ஸ்டாண்டு வைத்து வண்டியை அதன் மேல் இறக்கு, பின் சக்கரத்துக்குக் கட்டை கொடு. பெருந்துறையில் நடந்தது உனக்கு மறந்திருக்காது, திரும்ப எழுத மாட்டேன்.

கழற்றுவதற்கு முன் பெல்ட் போகிற வழியை நாலு பக்கமும் போட்டோ எடு. பானெட்டுக்கு அடியில் படம் ஒட்டியிருந்தாலும் எடு. உன் என்ஜினில் ஆல்டர்னேட்டர், ஏ.சி. கம்ப்ரஸர், பவர் ஸ்டீயரிங் பம்ப், வாட்டர் பம்ப் நாலும் இந்த ஒரே பெல்ட்டில்தான் ஓடுகின்றன. அதனால்தான் சொல்கிறேன், மாற்றுகிற வரைக்கும் அந்த வண்டியை எடுத்துக்கொண்டு ஹைவேக்குப் போகாதே. அறுந்தால் முதலில் பேட்டரி விளக்கு எரியும், ஸ்டீயரிங் கல்லாகிவிடும், அப்புறம் ஹீட் ஏறும். வாட்டர் பம்ப் நின்ற பிறகு இன்னும் இரண்டு மைல்தானே என்று ஓட்டினால் என்ஜின் சூடேறி சிலிண்டர் ஹெட் போய்விடும். ஆபீஸுக்கு இரண்டு நாள் வேறு வண்டியில் போ. வீட்டில்தான் இன்னொரு வண்டி இருக்கிறதே.

இருக்கிறதல்லவா?

சரி. டென்ஷனருக்கு வருகிறேன், இந்த வேலையில் விஷயமே அதுதான். அம்பாசடரில் டைனமோ போல்ட்டைத் தளர்த்தி, லிவர் போட்டு நெம்பி, இழுத்த இடத்தில் முறுக்கிவிடுவோம். பத்து வயசில் ஸ்டூல் மேல் ஏறி நின்று, ஃபேன் பெல்ட்டைக் கட்டைவிரலால் அழுத்தி, அரை இன்ச் போகுதுப்பா என்று நீ சொன்னதை வந்திருந்த டாக்டர் வாய் பிளந்து பார்த்தாரே, அந்த பெல்ட்டு வேறு. இதில் ஸ்பிரிங் வைத்த ஒரு கை தானாகவே பெல்ட்டை இறுக்கிப் பிடித்துக்கொண்டே இருக்கும். அதில் ஸ்பேனர் போடுவதற்கு இடம் விட்டிருப்பார்கள். நீளமான கைப்பிடி போட்டுத் தள்ளினால் ஸ்பிரிங் எதிர்க்கும், எதிர்க்க எதிர்க்க பெல்ட் தளரும், அதுதான் சரியான பக்கம். இடம் நெருக்கம் என்பதால் சாதாரண ராட்செட் போகாது, இதற்கென்றே தட்டையான நீளக் கைப்பிடி டூல் இருக்கிறது. அங்கே ஆட்டோசோனில் டெபாசிட் கட்டினால் டூலை எடுத்துப் போக விடுவார்கள், திருப்பிக் கொடுத்தால் பணமும் திரும்பி வரும் என்று நாங்கள் வந்திருந்தபோது நீதான் காட்டினாய். வாங்காதே, இரவல் எடு.

கழற்றும்போது ஒரு ஆள் போதும். தளர்த்திப் பிடித்துக்கொண்டு, கைக்கு எட்டுகிற புல்லியில் இருந்து பெல்ட்டை நழுவவிட்டு, மெல்ல மெல்ல டென்ஷனரை விட வேண்டும். சட்டென்று விட்டால் நடுவில் இருக்கிற விரல் போய்விடும். மாட்டும்போதுதான் இரண்டு பேர் வேண்டும். ஒருத்தர் டென்ஷனரைப் பிடித்துக்கொண்டே இருக்க, இன்னொருத்தர் கீழே, என்ஜின் நேராகச் சுற்றுகிற கிராங்க் புல்லியில் பெல்ட் வரியோடு வரி உட்கார்ந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டு, கடைசிப் புல்லியில் ஏற்ற வேண்டும். தனியாகச் செய்கிறவர்களும் இருக்கிறார்கள், நானே செய்திருக்கிறேன். ஆனாலும் இரண்டு பேர் வேண்டும், அம்மிணி. மாப்பிள்ளையைப் பிடிக்கச் சொல். வண்டி வேலை அவருக்குப் பிடிக்காது, கராஜில் விட்டால் ஒரு மணி நேரத்தில் முடிகிறதை எதற்கு நாமே செய்ய வேண்டும் என்பார், தெரியும். கையில் அழுக்கானால் கழுவிக்கொள்ளட்டும். ஊரில் இல்லை என்றால் அதையாவது எழுது.

கராஜில் ரொம்பக் கேட்டார்கள், பெல்ட் நாற்பது டாலருக்குள் கிடைக்கிறது, அதனால் நானே மாற்றப் போகிறேன் என்கிறாய். சந்தோஷம்தான், என் மகள் வேறு எப்படி இருப்பாள். ஆனால் ஆயில் மாற்றக்கூட வண்டியை வெளியே விடுகிற வீட்டில் திடீரென்று இப்போது எதற்கு டாலர் கணக்கு? வேலையில் ஏதாவது என்றால் சொல்லு. வேலை போவது ஒரு குற்றமா என்ன. இரண்டு வாரமாக நான் எது கேட்டாலும் கட்டைவிரல் படம் ஒன்று வருகிறது, அதற்கு நான் என்ன பதில் எழுதுவது?

உன் இரண்டாவது போட்டோவைப் பற்றிச் சொல்ல வேண்டாம் என்றுதான் இருந்தேன். சிமெண்ட் தரையில் ஸ்பேனர்களை வரிசையாகப் பரப்பி வைத்திருக்கிறாய், எட்டு ஒன்பதில் தொடங்கி, நான் சொல்லிக் கொடுத்த மாதிரியே. நீலப் பெட்டியை இன்னும் வைத்திருக்கிறாய். அதன் கனத்தால் வடகம் எடுத்து வைக்க முடியவில்லை என்று ஏர்போர்ட் வரைக்கும் அம்மா என்னோடு பேசாமல் வந்தாளே. அதையெல்லாம் பார்த்துவிட்டு அப்படியே பின்னால் பார்த்தேன். மாப்பிள்ளை வண்டி நிற்கிற இடம் முழுக்க மேப்பிள் இலை மூடிக் கிடக்கிறது, ஒரு டயர் தடம் இல்லை. வண்டி காலையில் போய் சாயங்காலம் வருகிற இடத்தில் இலை அப்படிக் கிடக்காது. நாற்பது வருஷம் வண்டி நிற்கிற தரையைப் பார்த்தே என்ன ஒழுகுகிறது என்று சொல்லிப் பிழைத்தவன் நான், இது கண்ணில் படாமல் எப்படி இருக்கும். அவர் கம்பெனி வேலையாக வெளியூர் போயிருக்கலாம். அப்படித்தான் இருக்கும். அம்மாவுக்கு முதல் போட்டோவை மட்டும்தான் காட்டினேன்.

புது பெல்ட் வாங்கினால் பழையதோடு பக்கத்தில் வைத்து வரியை எண்ணு, நீளத்தைப் பார். 6 பிகே 1750 என்று போட்டிருந்தால் 6 வரி, 1750 மில்லிமீட்டர் என்று அர்த்தம். உன் வண்டிக்கு என்ன எண்ணோ அதையே வாங்கு, கொஞ்சம் முன்னே பின்னே இருந்தால் பரவாயில்லை என்று கடைக்காரர் சொன்னால் கேட்காதே. பெல்ட் கழன்று இருக்கும்போதே, பெல்ட்டுக்கு வழி காட்ட மட்டும் சும்மா சுற்றுகிற ஐட்லர் புல்லியையும் டென்ஷனர் புல்லியையும் கையால் சுற்றிப் பார். கரகரவென்று கேட்டாலோ ஆடினாலோ அதையும் மாற்று, இல்லையென்றால் புது பெல்ட்டும் சீக்கிரம் போய்விடும். பெல்ட்டில் ஆயிலோ கூலண்டோ பட்டிருந்தால் எங்கிருந்து வருகிறது என்று முதலில் கண்டுபிடி. கீச் சத்தத்துக்கு ஸ்பிரே அடிக்கச் சொல்வார்கள், அடிக்காதே. ரைஸ்மில் பட்டை பெல்ட்டுக்கு வழுக்காமல் இருக்க ரோசின் பிசின் தேய்த்த காலம் வேறு.

மாட்டி முடித்ததும் ஒவ்வொரு புல்லியாக டார்ச் அடித்துப் பார், ஒரு வரி வெளியே தள்ளி உட்கார்ந்திருந்தால் ஸ்டார்ட் பண்ணின கொஞ்ச நேரத்திலேயே பிய்த்துக்கொள்ளும். வீல் நட்டை எதிரெதிராக முறுக்கு, முறுக்கின அளவைக் காட்டுகிற டார்க் ரென்ச் இருந்தால் உன் வண்டிக்கு 76 ஃபுட் பவுண்ட். கையில் இருக்கிற டூல் எதுவும் உள்ளே கிடக்கவில்லை என்று எண்ணிப் பார்த்துவிட்டு, அதற்கப்புறம்தான் பாக்கெட்டில் இருந்து சாவி வெளியே வர வேண்டும்.

சனிக்கிழமை காலை உனக்கு எட்டு மணி என்றால் எனக்கு மாலை ஐந்தரை, நான் கடையைச் சாத்திவிட்டு வீட்டில் இருப்பேன். வீடியோ கால் போட்டு ஃபோனை ஃபெண்டர் மேல் சாய்த்து வை. பிடித்துக்கொள்ள என்னால் முடியாது, எங்கே பிடிப்பது என்று சொல்ல முடியும். அம்மா பூஜைக்குப் போயிருப்பாள், ஏழு மணி வரைக்கும் வீட்டில் நான் மட்டும்தான். பெல்ட்டைப் பற்றித்தான் பேச வேண்டும் என்றும் இல்லை.

எனக்கும் அம்மாவுக்கும் விசா இன்னும் இருக்கிறது. குளிர் ஆரம்பிப்பதற்குள் வரலாமா, தனியாக நான் மட்டும் வரட்டுமா, எதுவானாலும் சொல்லு. டிக்கெட் பணத்தைப் பற்றி நீ பேசக் கூடாது. இதற்குக் கட்டைவிரல் அனுப்பினால் இரண்டு டிக்கெட் போட்டுவிடுவேன்.

அப்பா