வசந்தாவுக்கு, பொன்னியைப் பற்றி

கோவில்பட்டி
18.1.2025

அன்புள்ள வசந்தா,

உன் கடிதம் பொங்கலுக்கு முந்தின நாளே வந்துவிட்டது. வீடு நிறைய ஆள், கை ஒழியவில்லை. இன்றைக்குத்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். இங்கே எல்லாரும் சுகம். மருமகளுக்கு ஏழாம் மாதம். தை கடைசியில் வளைகாப்பு வைத்திருக்கிறோம், நீ கட்டாயம் வரவேண்டும். இவருக்குச் சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது. என் முழங்கால் வலி அப்படியேதான்.

உன் பேரன் வாங்கி வந்த லாப்ரடார் பெண் நாய்க்குட்டிக்கு ஏழு மாதம் ஆகிறது, கருத்தடை ஆபரேஷன் செய்யலாமா, செய்தால் பின்னால் ஏதும் கோளாறு வருமா என்று கேட்டிருந்தாய். செய். ஆனால் இப்போதே வேண்டாம். ஏன் என்று சொல்கிறேன்.

நம் பழைய நாய் ரோசி உனக்கு ஞாபகம் இருக்கும். நீ வரும்போதெல்லாம் உன் செருப்பைத் தூக்கிக்கொண்டு கிணற்றடிக்கு ஓடுவாளே, அவள்தான். அவளுக்கு நாங்கள் ஆபரேஷன் செய்யவில்லை. பெண்பிள்ளையை அறுக்கிறது பாவம் என்று அத்தை சொன்னார்கள், விட்டுவிட்டோம். ஒன்பதாவது வயதில், ஹீட், அதுதான் இணை சேருகிற பருவம், முடிந்து ஒன்றரை மாதம் இருக்கும், தொட்டித் தண்ணீரை மாளாமல் குடித்தாள், பிறகு வாந்தி, பிறகு சோற்றைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. வெயிலுக்கு என்று நினைத்து மோர் கொடுத்துக்கொண்டிருந்தேன். மாட்டாஸ்பத்திரிக்குத் தூக்கிப் போனபோது கருப்பை முழுக்கச் சீழ். கருப்பை வாய் மூடியிருந்ததால் ஒரு சொட்டுகூட வெளியே வரவில்லை, எங்களுக்கும் தெரியவில்லை. அன்று ராத்திரியே போய்விட்டாள். ஸ்வீடனில் காப்பீடு செய்த நாய்களை வைத்துப் பார்த்த கணக்கில், ஆபரேஷன் செய்யாத பெண் நாய்களில் ஏறக்குறைய நாலில் ஒன்றுக்குப் பத்து வயதுக்குள் இந்தச் சீழ் நோய் வருகிறதாம். அதைப் படித்தபோது அத்தை மேல் எனக்குக் கோபம் வரவில்லை, என் மேல்தான் வந்தது.

அந்தப் பயத்தில்தான் பொன்னிக்கு அவசரப்பட்டோம். ராஜபாளையம் கலப்பு, ஐந்தரை மாதக் குட்டி. போன இடத்தில், சின்னதிலேயே முடித்துவிட்டால் நல்லது என்றார்கள். பின்விளைவு என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை, கேட்க எங்களுக்கும் தெரியவில்லை.

அன்று சாயங்காலம் ஆட்டோவில் என் பழைய சேலையில் சுற்றி மடியில் போட்டுக்கொண்டு வந்தேன். உடம்பு சில்லென்று இருந்தது, நடுங்கிக்கொண்டே இருந்தாள், கண் பாதி திறந்தபடி. ராத்திரி இரண்டு தடவை வாந்தி. காலையில் வறட்டு இருமல். அதெல்லாம் மயக்க மருந்தாலும், மூச்சுக்குழாயில் விட்டிருந்த குழாயாலும் வருவது, ஓரிரண்டு நாளில் சரியாகிவிடும். மூன்றாம் நாள் தையலுக்குக் கீழே எலுமிச்சம்பழம் அளவுக்கு மெத்தென்று ஒரு வீக்கம். எனக்கு வயிற்றில் புளியைக் கரைத்தது. ஓடித் தாவியதால் நீர் கோர்த்திருக்கிறது, கட்டிப்போடு என்றார் மருத்துவர். பத்து நாளில் வற்றிவிட்டது. புண் சிவந்து சூடாக இருந்தாலோ, சீழோ ரத்தமோ கசிந்தாலோதான் ஓடவேண்டும். ஈறு இளஞ்சிவப்பாக இருக்கிறதா என்று முதல் இரண்டு நாள் உதட்டைத் தூக்கிப் பார். வெளுத்துப்போயிருந்தால் உள்ளே ரத்தம் போகிறது என்று அர்த்தம், ராத்திரி என்றும் பார்க்காதே. வலிக்குமே என்று வீட்டில் இருக்கிற புரூஃபன் மாதிரி மாத்திரை எதையும் கொடுத்துவிடாதே. நாய்க்கு அது குடலையும் சிறுநீரகத்தையும் கெடுக்கும்.

இதெல்லாம் பத்துப் பதினைந்து நாள் பாடு. நான் சொல்ல வந்தது வேறு.

உனக்குக் கருப்பை எடுத்தபோது சினைப்பையை விட்டுவைத்தார்கள் என்று சொன்னாய் இல்லையா? நாய்க்கு அப்படி இல்லை. சினைப்பையைக் கட்டாயம் எடுத்துவிடுவார்கள், பெரும்பாலும் கருப்பையையும் சேர்த்து. ஈஸ்ட்ரோஜன் என்கிற ஹார்மோன் சுரப்பது அதோடு நின்றுவிடும். மூத்திரப் பாதையை இறுக்கிப் பிடிக்கிற தசைக்கு அது ஒரு தெம்பு. அது போனதும் சில நாய்களுக்கு, எல்லாவற்றுக்கும் இல்லை, கொஞ்ச நாளிலோ சில வருஷம் கழித்தோ பிடி தளர்ந்துவிடும். இருபது கிலோவுக்கு மேல் இருக்கிற பெரிய நாய்களுக்குத்தான் அதிகம் வருகிறது.

பொன்னிக்கு மூன்று வயதில் ஆரம்பித்தது. காலையில் அவள் படுத்த கோரைப்பாயில் உள்ளங்கை அளவு ஈரம். முதல் நாள் தண்ணீர் சிந்தியது என்று துடைத்தேன். மறுபடி மறுபடி வந்தது. ஒழுங்காக வெளியே போய் வருகிற பிள்ளைக்கு இப்போது என்ன திமிர் என்று ஒருநாள் காதைப் பிடித்து அந்த ஈரத்தில் மூக்கை வைத்து அதட்டினேன். மார்கழிப் பனியில் ஒரு வாரம் வெளித்திண்ணையில் கட்டிப்போட்டேன். அவள் எழுந்ததும் பாயை முகர்ந்து பார்ப்பாள், அவசர அவசரமாக நக்குவாள், பிறகு வாலை இடுக்கிக்கொண்டு என் முகத்தைப் பார்ப்பாள். அந்தப் பார்வை இன்னும் என் கண்ணிலேயே நிற்கிறது, வசந்தா.

வேறொரு மருத்துவரிடம் போனோம். மூத்திரத்தைப் பரிசோதித்து, கிருமி இல்லை என்று உறுதி செய்துகொண்டு, "தூக்கத்தில் போவது அவளுக்கே தெரியாதும்மா" என்றார். எனக்கு அங்கேயே அழுகை வந்துவிட்டது. உன்னிடம் சொல்வதற்கு என்ன, மாதவிடாய் நின்ற பிறகு எனக்கே இருமினால், பஸ்ஸில் தூக்கிப் போட்டால், அப்படித்தான் ஆகிறது. மதுரைக்குப் போனால் மாற்றுச் சேலை இல்லாமல் கிளம்புவதில்லை. பெற்ற மகளிடம்கூடச் சொல்லவில்லை. என் உடம்பில் இருக்கிறதையே அவள் உடம்பில் தப்பு என்று அடித்திருக்கிறேன். இப்போது தினமும் மாத்திரை, அநேகமாக ஆயுசுக்கும். ஈரம் நின்றுவிட்டது. என் கட்டிலுக்குக் கீழே ரப்பர் ஷீட் போட்டு அதன்மேல் பாய் விரித்துப் படுக்க வைக்கிறேன்.

இனி உன் குட்டி விஷயம். லாப்ரடார் மாதிரி பெரிய நாய்களுக்குச் சின்ன வயதில் சினைப்பையை எடுத்தால் மூட்டும் பாதிக்கப்படலாம். கால் எலும்பின் நுனியில் இருக்கிற வளர்ச்சித் தட்டு நேரத்துக்கு மூட அந்தச் சுரப்பு வேண்டும். இல்லையென்றால் எலும்பு கொஞ்சம் கூடுதலாக நீண்டு, இடுப்பு, முழங்கால் மூட்டுகளின் அமைப்பு மாறிவிடுகிறது. கலிபோர்னியாவின் டேவிஸ் பல்கலைக்கழகத்தில் 35 இன நாய்களின் மருத்துவப் பதிவுகளைப் பார்த்து 2020இல் வெளியிட்டார்கள். இனத்துக்கு இனம் கணக்கு மாறுகிறது. பெண் லாப்ரடாருக்கு ஒரு வயது நிறையட்டும் என்பது அவர்கள் யோசனை. சின்ன இனங்களுக்கு மூட்டு விஷயத்தில் பெரிய வித்தியாசம் தெரியவில்லை.

முதல் ஹீட்டுக்கு முன்பே செய்யாவிட்டால் மார்புக் கட்டி வரும் என்று உன்னைப் பயமுறுத்துவார்கள். அது 1969இல் வந்த ஒரு கணக்கு. ஆபரேஷன் செய்யாத நாய்க்கு இருக்கிற ஆபத்தை 100 என்று வைத்துக்கொண்டால், முதல் ஹீட்டுக்கு முன் செய்தால் 0.5, ஒன்று கழிந்தபின் 8, இரண்டு கழிந்தபின் 26. அந்த ஆதாரம் அவ்வளவு உறுதியில்லை என்று 2012இல் ஆராய்ந்தவர்கள் எழுதினார்கள். அந்த எண்களையே அப்படியே எடுத்துக்கொண்டாலும், ஒரு ஹீட் பொறுப்பதில் குடி முழுகிவிடாது. ஆனால் அந்த மூன்று வாரமும் கண்கொத்திப் பாம்பாகக் காவல் இருக்கவேண்டும். தெருவில் ஆண் நாய் இல்லாத ஊர் உண்டா?

ஹீட் இருக்கும்போது செய்யச் சொல்லாதே, ரத்தக்குழாய் புடைத்திருக்கும். முடிந்த உடனேயும் வேண்டாம். இரண்டு மூன்று மாதம் விட்டுச் செய். இல்லையென்றால் பொய்ச் சினை பிடித்து, பால் சுரந்து, பொம்மையைக் குட்டி என்று காத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும். பார்க்கவே பாவமாக இருக்கும்.

குண்டாகிவிடும் என்கிறார்களே, அது பாதிதான் உண்மை. உடம்புக்கு வேண்டிய சாப்பாடு கால் பங்கு குறைந்துவிடும், பசியோ கூடும். நான் அதே கிண்ணம் சோறும் பாலும் போட்டு 23 கிலோவை 28 ஆக்கினேன். எடை கூடினால் கசிவும் கூடும், மூட்டும் கெடும். தையல் பிரித்த அன்றே சாப்பாட்டைக் குறைத்துவிடு. அது கண்ணைக் கண்ணைக் காட்டும், லாப்ரடார் வேறு. மனம் இளகிவிடாதே.

தம்பி மகன் அடுத்த சனிக்கிழமை தாம்பரம் வருகிறான். தையலை நக்காமல் இருக்கப் பொன்னிக்கு வாங்கிய கழுத்துக் கூம்பைக் கழுவிக் காயவைத்திருக்கிறேன், கொடுத்தனுப்புகிறேன். ஓரத்தில் கொஞ்சம் விரிசல், பிளாஸ்டர் ஒட்டிவிட்டேன். உன் குட்டிக்கு அளவு பத்தாது என்றால் சொல், பெரியதாகப் பார்க்கிறேன். கருப்பட்டி மிட்டாயும் வைத்திருக்கிறேன், அது உனக்கு, குட்டிக்கு இல்லை.

அன்புடன்,
உன் ராஜம்