எங்கள் பெயரைச் சொல்லிக் கடிவாளம் போடாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். என் அப்பா காலத்திலிருந்து எங்கள் வீட்டில் உங்கள் இதழைத்தான் வாங்குகிறோம். அந்த உரிமையில் எழுதுகிறேன். சென்ற இதழின் தலையங்கத்தில் மேடை நகைச்சுவை எல்லை மீறிப் போகிறது, மாற்றுத்திறனாளிகள் மனம் நோகாமல் இருக்கவாவது அரசு ஒரு கடிவாளம் போட்டே ஆக வேண்டும் என்று எழுதியிருந்தீர்கள். நான் இளம்பிள்ளை வாதத்தில் இடது கால் சூம்பிப் போனவள், விவரம் தெரிந்த நாளிலிருந்து காலைத் தாங்கும் காலிபர் கருவி மாட்டித்தான் நடக்கிறேன். எங்களுக்காக என்று சொல்லி எழுதுவதற்கு முன்னால் எங்களில் ஒருவரிடமாவது ஒரு வார்த்தை கேட்டீர்களா?

மேடை நகைச்சுவைக்காரர் சமய் ரெய்னா விவகாரத்தை மனதில் வைத்துத்தான் எழுதியிருக்கிறீர்கள் என்று புரிகிறது. தசைகள் வலுவிழந்து போகும் எஸ்.எம்.ஏ. என்ற மரபணு நோய் வந்த பச்சைக் குழந்தையையும் அதற்குப் போட வேண்டிய 16 கோடி ரூபாய் ஊசியையும் வைத்து ஒருவர் சிரிப்பு மூட்டினால் எனக்கு மட்டும் வயிறு எரியாதா? எரிந்தது. அந்தப் பெற்றோர்களின் அமைப்பு உச்ச நீதிமன்றம் வரைக்கும் போனதும் சரி, 2025 ஆகஸ்டில் நீதிமன்றம் ரெய்னாவையும் மற்றவர்களையும் அவரவர் யூடியூப் பக்கத்திலேயே மன்னிப்புக் கேளுங்கள் என்று சொன்னதும் சரி, இரண்டிலும் எனக்குக் குறையில்லை. ஆனால் அதே வழக்கில் இணையத்தில் பேசுவோர் எல்லாருக்கும் விதிமுறை வகுக்கும்படி மத்திய அரசிடம் சொன்னார்கள் பாருங்கள், அதை நீங்கள் வரவேற்றதுதான் எனக்குத் தாங்கவில்லை.

ஏனென்றால் எங்களுக்கான சட்டம் ஏற்கெனவே இருக்கிறது, இது உங்களுக்குத் தெரியாததல்ல. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் 92ஆவது பிரிவைப் பாருங்கள். நாலு பேர் பார்க்கும் இடத்தில் எங்களில் ஒருவரை வேண்டுமென்றே இழிவுபடுத்தினால் 6 மாதம் முதல் 5 ஆண்டு வரை சிறை. அப்புறம் 2024 ஜூலையில் தலைமை நீதிபதி சந்திரசூட் அமர்வு ஒரு திரைப்பட வழக்கில் இதைத் தெளிவாகவே பேசியிருக்கிறது. எங்களை மட்டம் தட்டும் நகைச்சுவை ஒன்று, எங்கள் வாழ்க்கையை மற்றவர்கள் புரிந்துகொள்ள வைக்கும் நகைச்சுவை இன்னொன்று, இரண்டையும் ஒரே தட்டில் வைக்கக் கூடாது என்று பிரித்துச் சொன்னது. எங்கள் சங்கக் கூட்டத்துக்கு வரும் பார்வையற்ற நண்பர் ஒருவர் தன்னை வலுக்கட்டாயமாகச் சாலையைக் கடக்க வைக்கிறவர்களைப் பற்றி மைக் பிடித்துச் சொல்ல ஆரம்பித்தால் சிரித்துச் சிரித்து எங்களுக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிடும். புது விதிமுறை வந்தால் முதலில் அவர் வாயைத்தான் மூடுவார்கள் என்று எனக்குப் பயமாக இருக்கிறது.

சட்டத்தை யார் கையில் எடுப்பார்கள், யாருக்காக எடுப்பார்கள் என்பதை நான் பட்டுத் தெரிந்துகொண்டவள். பல வருஷங்களுக்கு முன் எங்கள் ஊர் ஆடித் திருவிழாவில் பாட்டுக் கச்சேரி நடந்தது. இடையில் மிமிக்ரி. குழந்தைக்குத் தூக்கம் வருகிறது என்று அண்ணன் மகனைக் கையில் பிடித்துக்கொண்டு நான் எழுந்தேன். மேடையில் இருந்தவர் என்னைப் பார்த்துவிட்டு டிரம்ஸ்காரரிடம், “தம்பி, அக்கா நடக்கறாங்க, தாளம் போடு” என்றார். நான் காலை எடுத்து வைக்க வைக்க ஒரு அடி. நின்றால் தாளமும் நின்றது, நடந்தால் தாளமும் நடந்தது. பந்தலைத் தாண்டும் வரைக்கும் விடவில்லை. முன்வரிசையில் உட்கார்ந்திருந்த கட்சிக்காரர் ஒருவர் துண்டால் கண்ணைத் துடைத்துத் துடைத்துச் சிரித்தார். கையில் பிடித்திருந்த பையன், “ஏன் அத்தை எல்லாரும் சிரிக்கறாங்க?” என்று கேட்டான்.

மறுநாள் காலையில் காவல் நிலையத்துக்குப் போனேன். யாரும் மேல் கை வைத்தார்களா, கெட்ட வார்த்தை சொன்னார்களா, இல்லையே, திருவிழாவென்றால் நாலு பேர் சந்தோஷமாகச் சிரிக்கத்தான் செய்வார்கள், விட்டுவிட்டுப் போங்கம்மா என்று சொல்லி அனுப்பினார்கள். புகாரை வாங்கிக்கொண்டதற்கு சி.எஸ்.ஆர். ரசீதுகூடக் கொடுக்கவில்லை. நான் யாரையும் ஜெயிலில் போடச் சொல்லவில்லை. அவரைக் கூப்பிட்டு, இனிமேல் இப்படிச் செய்யாதே என்று சொன்னால் போதும் என்றுதான் கேட்டேன்.

அதே நிலையம்தான். பிற்பாடு ஒரு பையன், துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்த அந்தக் கட்சிக்காரரின் பிளெக்ஸ் பேனரைக் கிண்டலடித்து வாட்ஸ்அப்பில் ஒரு படம் போட்டான். ராத்திரியே வீட்டுக்கு வந்து கூட்டிக்கொண்டு போய்விட்டார்கள். அந்தப் பையனின் அம்மா விடிய விடிய நிலையத்து வாசலில் உட்கார்ந்திருந்தார். யார் மனம் புண்பட்டால் ஜீப் கிளம்பும் என்று அன்றைக்கே எனக்கு விளங்கிவிட்டது.

நாடு முழுக்க இதே கதைதான், ஆசிரியர் அவர்களே. 2016 ஜனவரியில் கிக்கு சாரதா என்ற தொலைக்காட்சி நடிகரை ஹரியானா போலீசார் மும்பை வரை வந்து பிடித்துக்கொண்டு போனார்கள். குர்மீத் ராம் ரஹீம் சாமியாரைப் போல நடித்துக் காட்டினார், பக்தர்கள் மனம் புண்பட்டது, இதுதான் குற்றம். அந்தச் சாமியார் அடுத்த ஆண்டே பாலியல் வல்லுறவு வழக்குகளில் 20 ஆண்டு தண்டனை வாங்கினார். 2021 ஜனவரி 1ஆம் தேதி இந்தூரில் மேடை நகைச்சுவைக்காரர் முனவர் ஃபாரூக்கியைப் பிடித்தார்கள், புகார் கொடுத்தவர் ஒரு சட்டமன்ற உறுப்பினரின் மகன். கடவுளரை இழிவுபடுத்தினார் என்றார்கள். அவர் அப்படிப் பேசியதற்குக் காணொளி ஆதாரம் இல்லை என்று போலீஸ் தரப்பிலேயே பத்திரிகைக்காரர்களிடம் சொன்ன பிறகும் உயர் நீதிமன்றம் ஜாமீன் மறுத்தது. உச்ச நீதிமன்றம் தலையிட்டு அவர் வெளியே வருவதற்குள் ஒரு மாதத்துக்கு மேல் ஓடிவிட்டது. அதன் பிறகும் விட்டார்களா? போகிற ஊரில் எல்லாம் நிகழ்ச்சியை ரத்து செய்ய வைத்தார்கள்.

இன்னொரு மேடை நகைச்சுவைக்காரர் குணால் கம்ராவின் விஷயம் எங்கள் வாசலுக்கே வந்தது. மகாராஷ்டிரத்தின் அன்றைய துணை முதல்வர் ஏக்நாத் ஷிண்டேவின் பெயரைக்கூடச் சொல்லாமல் அவரைக் கேலி செய்து பாடிய காணொளியை 2025 மார்ச்சில் வெளியிட்டார். ஞாயிற்றுக்கிழமை ராத்திரி ஷிண்டேவின் சிவசேனைக்காரர்கள் மும்பை கார் பகுதியில் அவர் பேசிய ஹேபிடட் அரங்குக்குள் புகுந்து நாற்காலிகளை அடித்து நொறுக்கினார்கள். மறுநாள் மாநகராட்சி ஆட்களே சுத்தியலோடு வந்து அரங்கின் ஒரு பகுதியை விதிமீறல் என்று இடித்தார்கள். அது மார்ச் 24. இணையத்தில் பேசியதற்காக ஆளைப் பிடிக்க வசதியாக இருந்த, தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66ஏ பிரிவை உச்ச நீதிமன்றம் தூக்கி எறிந்து அன்றோடு சரியாகப் பத்து ஆண்டு. அடித்து நொறுக்கிக் கைதானவர்களுக்கு அன்றைக்கே ஜாமீன், பாடியவரோ முன்ஜாமீனுக்கு அலைந்தார். விழுப்புரம் மாவட்டத்தில் குடியிருக்கிறேன் என்று சொல்லி அவர் சென்னை உயர் நீதிமன்றத்துக்கு வந்தார், மார்ச் 28 அன்று இடைக்கால முன்ஜாமீன் கிடைத்தது. அன்றைய தினமே உச்ச நீதிமன்றம் காங்கிரஸ் எம்.பி. இம்ரான் பிரதாப்கடி மீது ஒரு கவிதைக்காகப் போட்ட வழக்கை ரத்து செய்து, மேடை நகைச்சுவையும் நையாண்டியும் மனித வாழ்க்கைக்கு அர்த்தம் சேர்ப்பவை என்று தீர்ப்பில் எழுதியது. எங்கள் மாவட்டப் பெயர் நல்ல காரியத்துக்காகப் பேப்பரில் வந்ததே என்று எனக்கு மனம் நிறைந்தது. உங்கள் இதழில் அந்தச் செய்தியைத் தேடிப் பார்த்தேன், உள்பக்கத்தில் ஒரு மூலையில் இருந்தது. அரங்கை உடைத்த செய்தியைப் படத்தோடு முதல் பக்கத்தில் போட்டிருந்தீர்கள்.

பத்திரிகைத் தொழிலில் இருக்கிற நீங்கள் இப்படி எழுதியதுதான் கூடுதல் வருத்தம். 1987இல் விகடன் அட்டையில் எம்.எல்.ஏ.வையும் மந்திரியையும் கிண்டல் செய்த ஒரு நகைச்சுவைத் துணுக்குக்காக ஆசிரியர் பாலசுப்ரமணியனுக்குச் சட்டமன்றம் மூன்று மாதம் சிறை என்றது. எதிர்ப்பு கிளம்பியதால் சில நாளில் விட்டார்கள், அவர் விடாமல் வழக்காடி அது தவறு என்று நீதிமன்றத்தைச் சொல்ல வைத்து ஆயிரம் ரூபாய் இழப்பீடும் வாங்கினார். 2017இல் கந்துவட்டிக் கொடுமையால் நெல்லை ஆட்சியர் அலுவலகத்தில் ஒரு குடும்பமே தீக்குளித்ததைக் கார்ட்டூனாக வரைந்த பாலாவைக் கைது செய்தார்கள். 2025 பிப்ரவரியில் பிரதமர் கைவிலங்கோடு டிரம்ப் எதிரே உட்கார்ந்திருப்பது போல ஒரு படம் வந்ததும் விகடன் இணையதளமே முடங்கியது. இதில் எந்த இடத்தில் நலிந்தவர்கள் மனம் புண்பட்டது? ஒவ்வொரு தடவையும் நாற்காலியில் இருக்கிறவருக்குத்தானே வலித்தது?

எங்கள் மனம் நோகக் கூடாது என்று உங்களுக்கு உண்மையிலேயே அக்கறை இருந்தால் அதை இன்றைக்கே உங்கள் இதழிலிருந்து தொடங்கலாம். ஞாயிறு மலரின் கடைசிப் பக்கத் துணுக்குகளில் குண்டுப் பெண்டாட்டி, கறுப்பு மாப்பிள்ளை, திக்குவாய் வேலைக்காரன், செவிட்டு மாமனார் இல்லாத வாரம் உண்டா? திக்குகிறவரையும் நொண்டுகிறவரையும் வைத்துப் பிழைக்கும் தொலைக்காட்சி நிகழ்ச்சிகளுக்கு முழுப்பக்க விளம்பரம் வாங்கிப் போடுகிறீர்களே, அது எந்தக் கணக்கில் வரும்? இதைப் பற்றி முன்பும் எழுதினேன், பதில் இல்லை. உங்கள் கிளை அலுவலகத்துக்கே நேரில் போய்க் கொடுக்கலாம் என்று பார்த்தால் அது மாடியில், லிஃப்ட் இல்லை, காவலாளியிடம் கொடுத்துவிட்டு வந்தேன்.

நான் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. நகைச்சுவைக்காக யாரையாவது கைது செய்தால், புகார் கொடுத்தவர் யார், அவர் எந்தப் பதவியில் இருக்கிறார், மேடையில் என்னதான் பேசப்பட்டது என்று மூன்றையும் சேர்த்துப் போடுங்கள். புண்படும்படி பேசினார் என்று மொட்டையாக எழுதி விட்டுவிடாதீர்கள். கைதுச் செய்தி முதல் பக்கத்தில் வந்திருந்தால் ஜாமீனும் விடுதலையும் அதே பக்கத்தில் வரட்டும். அடுத்த முறை எங்களைக் காரணம் காட்டித் தலையங்கம் எழுதுவதாக இருந்தால் எங்கள் மாவட்டச் சங்கத்துக்கு ஒரு போன் செய்யுங்கள். எண்ணைத் தனித்தாளில் எழுதி இதோடு இணைத்திருக்கிறேன், அதை அச்சிட வேண்டாம்.

இப்படிக்கு,
உங்கள் நெடுநாள் வாசகி,
விழுப்புரம் மாவட்டம்.