அரண்மனைக்கு ஒரு மணி நேரம், ஜேடு கடைக்கு ஒன்றரை: சீனா டூர் நடத்துவோருக்கு ஒரு திறந்த மடல்

சீனாவுக்குக் குழுச் சுற்றுலா அழைத்துச் செல்லும் நிறுவனத்தாருக்கு,

வணக்கம். பெய்ஜிங், சியான், ஷாங்காய் மூன்றையும் ஒரே மூச்சில் காட்டும் பேக்கேஜில் அண்மையில் போய் வந்தவள் நான். எனக்கு அது முதல் வெளிநாட்டுப் பயணம். குழுவில் முப்பது வயதைத் தாண்டாதவள் நான் ஒருத்திதான். மற்றவர்கள் பெரும்பாலும் பணி ஓய்வு பெற்ற ஆசிரியர்கள், வங்கி ஊழியர்கள், அவர்களின் வீட்டார். எந்த நிறுவனம் என்று சொல்லப் போவதில்லை. ஊர் திரும்பியதும் வேறு சில நிறுவனங்களின் பயணத்திட்டங்களையும் வாங்கிப் பார்த்தேன். முகப்பில் இருக்கும் பெயரை மறைத்துவிட்டால் எது யாருடையது என்றே தெரியாது. அதனால் இது உங்கள் எல்லோருக்கும்தான்.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். விசா வேலை முழுவதையும் நீங்களே பார்த்துக்கொண்டீர்கள். ரயில் நிலையத்தில் எழுபது வயது அம்மா ஒருவர் பின்தங்கியபோது டூர் மேனேஜர் ஓடிப்போய் அவர் பெட்டியையும் சேர்த்துத் தூக்கி வந்தார். தனியாகப் போயிருந்தால் பெய்ஜிங் மெட்ரோவிலேயே பாதிப் பயணம் கழிந்திருக்கும். குழுவாகப் போவதில் எனக்கு ஒரு குறையும் இல்லை. நேரத்தை நீங்கள் பங்கிட்ட விதத்தில்தான் குறை.

பெய்ஜிங்கின் தடைசெய்யப்பட்ட நகரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 1406-இல் தொடங்கி 1420-இல் கட்டி முடித்த அரண்மனை. மிங், சிங் என இரண்டு வம்சங்களின் பேரரசர்கள் இருந்து ஆண்ட இடம். 72 ஹெக்டேர் பரப்பு. அதில் எங்களுக்குக் கிடைத்தது ஒரு மணி நேரம். தெற்கு வாசலில் நுழைந்து, நடுவழியே நேராக நடந்து, வடக்கு வாசலில் வெளியே வந்தோம். காதில் மாட்டிவிட்ட கருவியில் கைடின் குரல் கேட்டுக்கொண்டே இருந்தது. எங்கள் கண்களோ முன்னால் போகும் மஞ்சள் கொடியைத் தவிர வேறெதையும் பார்க்கவில்லை.

பெரிய மண்டபங்களில் மூன்றாவதின் பின்புறம், படிகளுக்கு நடுவே, டிராகன்களும் மேகங்களும் செதுக்கிய ஒரே கல் சரிவாகக் கிடக்கிறது. எடை இருநூறு டன்னுக்கு மேல். குளிர்காலத்தில் வழி நெடுகத் தண்ணீர் ஊற்றி உறைய வைத்து, அந்தப் பனிக்கட்டிப் பாதையில் இத்தகைய கற்களை இழுத்து வந்தார்கள் என்று உள்ளூர் கைடு சொல்லத் தொடங்கினார். தமிழாசிரியர் ஐயா ஒருவர், "தஞ்சாவூர்ல சாரம் கட்டி ஏத்துனாங்கம்பாங்க, இங்க ஐஸா?" என்று ஆர்வமாக நின்றுவிட்டார். அதற்குள் பின்னாலிருந்து, "அங்கிள், பஸ் வெயிட்டிங், வாங்க வாங்க!" சரி, பஸ் எதற்காக அப்படிக் காத்திருந்தது?

பெருஞ்சுவருக்குப் போகும் வழியிலிருந்த ஜேடு (நகைக்கும் சிலைக்கும் பயன்படும் ஒரு வகைக் கல்) கூடத்துக்காக. பயணத்திட்டத்தில் அதற்குப் பெயர் "பாரம்பரியக் கைவினைக் கூடம் பார்வையிடல்". நுழைந்ததும் வெள்ளைக் கோட்டு அணிந்த பெண் ஒருவர், ஒரே கல்லில் குடைந்த பந்துக்குள் பந்து, அதற்குள் இன்னொரு பந்து என்று காட்டி, இது குடும்ப ஒற்றுமைக்கு நல்லது என்றார். அடுத்து வளையலால் கண்ணாடியைக் கீறிக் காட்டினார். அதோடு கைவினை முடிந்தது. மீதி நேரம் முழுக்கக் கல்லா. வெளியேறும் வழியை எல்லாக் கண்ணாடிப் பெட்டிகளையும் சுற்றி வரும்படி அமைத்திருந்தார்கள். ஒன்றரை மணி நேரம். அதன் பிறகு பெருஞ்சுவரில் ஏறினால், முதல் காவல் கோபுரத்துக்குப் போய்வர மட்டுமே நேரம் இருந்தது. (போகிற போக்கில் ஒன்று: நிலவிலிருந்து இந்தச் சுவர் தெரியும் என்று உங்கள் மேனேஜர் இன்னமும் மைக்கில் சொல்கிறார். 2003-இல் விண்வெளிக்குப் போன முதல் சீனரான யாங் லிவெய், பூமியைச் சுற்றிவந்த பாதையிலிருந்தே தன் கண்ணுக்குத் தெரியவில்லை என்று சொல்லிவிட்டார். அப்புறம் எங்கே நிலவு?)

சியானிலும் இதே கதை. சீனாவின் முதல் பேரரசர் கல்லறைக்குக் காவலாகப் புதைத்த சுடுமண் வீரர்களின் படைக்குப் போகும் முன் சிலை வார்க்கும் "பட்டறை". அதனால் அருங்காட்சியகத்தில் முதல் குழியோடு எங்கள் நேரம் தீர்ந்துவிட்டது. 1974-இல் கிணறு தோண்டிய விவசாயிகள் கண்ட குழி அது. முன்வரிசைக் கைப்பிடிக் கம்பியருகே நாலு வரிசைக் கூட்டம். இரண்டாம் குழியில், கண்ணாடிப் பெட்டிக்குள் மண்டியிட்ட வில்வீரன் ஒருவன் இருக்கிறான். அவன் மடக்கிய காலின் செருப்படியில் போட்ட தையல்கூட ஒவ்வொன்றாகத் தெரியும். இரண்டாயிரத்து இருநூறு ஆண்டுகளுக்கு முன் யாரோ ஒரு குயவர், ஒருவரும் பார்க்கப் போகாத செருப்படியில் உட்கார்ந்து புள்ளி வைத்திருக்கிறார். கைடு கெஞ்சிக் கேட்டு வாங்கித் தந்த பத்து நிமிடத்தில் நாங்கள் மூன்று பேர் ஓடிப்போய் அதைப் பார்த்துவிட்டு ஓடி வந்தோம். மற்றவர்கள் பார்க்கவே இல்லை. அதே நாள் மாலை தேநீர்க் கடையில், வெந்நீர் ஊற்றினால் சிறுநீர் கழிக்கும் களிமண் பொம்மைப் பையனை எல்லோரும் பார்த்தோம். சிரிப்பாகத்தான் இருந்தது. ஆனால் அதைப் பார்க்கவா பாஸ்போர்ட் எடுத்தோம்?

கடைக்குப் போகாவிட்டால் பேக்கேஜ் விலை கட்டுப்படியாகாது என்பீர்கள். கமிஷன் கணக்கு எங்களுக்கும் புரியாமல் இல்லை. உள்ளூர் கைடுகள் பலருக்கு நிலையான சம்பளம் சொற்பம். நாங்கள் வாங்கும் வளையலிலிருந்தும் டிப்ஸிலிருந்தும்தான் வருமானம். அவர்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை. ஆனால் சீனாவே இதற்குச் சட்டம் போட்டிருக்கிறது. 2013 அக்டோபர் 1 முதல் நடைமுறையில் உள்ள சுற்றுலாச் சட்டத்தின் 35-ஆம் பிரிவு, அநியாயத்துக்குக் குறைந்த விலை காட்டி ஆள் சேர்த்துக் கடைக் கமிஷனில் அதை ஈடுகட்டுவதைத் தடுக்கிறது. பயணிகளோடு பேசி ஒப்புக்கொண்டாலோ அவர்களே கேட்டாலோ ஒழிய, குறிப்பிட்ட கடைக்குக் கூட்டிப் போகக் கூடாது. மீறினால், பயணம் முடிந்த முப்பது நாளுக்குள் பொருளைத் திருப்பித் தந்து பணத்தைக் கேட்கலாம். "கைவினைக் கூடம் பார்வையிடல்" என்று எழுதி எங்களிடம் கையெழுத்து வாங்குவது ஏன் என்று இப்போது விளங்குகிறது. கடை என்று எழுதிக் கேளுங்கள். சிலர் சரி என்பார்கள், சிலர் மாட்டார்கள். மாட்டேன் என்பவர்களிடம் கூடுதலாக எவ்வளவு என்று சொல்லுங்கள், கொடுக்கிறோம்.

சாப்பாட்டையும் கொஞ்சம் பேச வேண்டும். மதியமும் இரவும் இந்திய உணவகம், பன்னீர் பட்டர் மசாலா, பருப்பு. சைவக்காரர்களுக்கு அது தேவைதான், மறுக்கவில்லை. ஆனால் சீனாவில் பௌத்த மடங்களை ஒட்டி வளர்ந்த சைவச் சமையல் பல நூற்றாண்டாக இருக்கிறது. முட்டைகூடச் சேர்க்காத உணவகங்கள் பெருநகரங்களில் உண்டு. ஒரு வேளையாவது அங்கே கூட்டிப் போகலாமே. சியானின் முஸ்லிம் தெருவில் இடுப்புவார் அகலத்துக்கு மாவை இழுத்து மேசையில் அடித்து நூடுல்ஸ் செய்யும் இடத்தைப் பஸ் கண்ணாடி வழியாகத்தான் பார்த்தோம். கிடைத்த கொஞ்ச நேரத்தில் இறங்கி மாதுளைச் சாறு கேட்டால், கடைக்கார அம்மா கியூஆர் அட்டையைக் காட்டினார். என்னிடம் இருந்ததோ நூறு யுவான் நோட்டு, அவரிடம் சில்லறை இல்லை. அலிபே என்ற பணம் செலுத்தும் செயலியில் நம் விசா, மாஸ்டர் அட்டையை ஊரிலேயே இணைத்துக்கொள்ளலாம் என்பதையும், அங்கே வைஃபையில் வாட்ஸ்அப்பும் கூகுளும் வேலை செய்யாது, ரோமிங் சிம் போட்டால் பெரும்பாலும் செய்யும் என்பதையும் கிளம்பும் முன் ஒரு தாளில் அடித்துக் கொடுத்திருக்கலாம். கொடுத்த தாளில் இருந்ததெல்லாம் டிப்ஸ் தொகை.

கடைசியாக ஒன்று. தமிழர்களைச் சீனாவுக்குக் கூட்டிப் போகும் உங்களில் ஒருவர் திட்டத்திலும் சுவான்சோ இல்லை. ஃபூஜியன் மாகாணக் கடற்கரையில் இருக்கிறது. ஷியாமெனிலிருந்து அதிவேக ரயிலில் முக்கால் மணி நேரம்கூட ஆகாது. 2021-இல் யுனெஸ்கோ உலக மரபுப் பட்டியலில் சேர்ந்த ஊர். 1281-இல் சம்பந்தப் பெருமாள் என்பவர் அங்கே சிவனை எழுந்தருளச் செய்ததைச் சொல்லும் தமிழ்க் கல்வெட்டு கிடைத்தது அங்கேதான். கடைசி வரி சீன எழுத்தில் இருக்கிறது. கையுவான் என்ற பௌத்தக் கோயிலின் பின்புறத் தூண்களில் நரசிம்மரும் கண்ணனும் இருக்கிறார்கள். அழிந்துபோன இந்துக் கோயிலின் கற்களை எடுத்து அங்கே பொருத்தியிருக்கிறார்கள். லிங்கத்தை யானை பூசை செய்யும் சிற்பம் ஊர் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. திருவானைக்காவல் கதை தெரிந்த யாருக்கும் கைடே தேவைப்படாது. ஷாங்காயில் வானளாவிகளுக்கு எதிரே படம் எடுக்க ஒதுக்கிய நேரத்தில் பாதியைக் குறைத்து, பட்டுக் கடையையும் தேநீர்க் கடையையும் எடுத்துவிட்டால், இந்த ஊருக்கு ஒரு நாள் தாராளமாகக் கிடைக்கும்.

அடுத்த பயணத்திட்டம் அச்சுக்குப் போகும் முன் ஒவ்வொரு இடத்துக்கும் எதிரே எத்தனை மணி நேரம் என்று போடுங்கள். "பார்வையிடல்" என்றால் உள்ளே போவதா, பஸ்ஸிலிருந்து பார்ப்பதா என்றும் போடுங்கள். அரண்மனைக்குப் பாஸ்போர்ட் எண் கொடுத்து முன்கூட்டியே பதிய வேண்டும், திங்கட்கிழமை பொதுவாக மூடியிருக்கும். அதற்கேற்ப நாளைக் குறியுங்கள். சுவான்சோவைச் சேர்த்தால் மட்டும் எனக்கு ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். எங்கள் தமிழாசிரியர் ஐயா இப்போதே முன்பணம் கட்டத் தயார் என்கிறார்; ஆனால் ஜேடு கடை இருக்கக் கூடாதாம்.

இப்படிக்கு,
உங்கள் பஸ்ஸின் கடைசி வரிசைப் பயணி