பாசம் குறையவில்லை, படுக்கைதான் கிடைக்கவில்லை

மதிப்புக்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் கோடைச் சிறப்பிதழில் உறவுகள் பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். நுங்கு, திண்ணை, பல்லாங்குழி, ஆச்சியின் கைமணம் என்று எதுவும் குறைவில்லை. ஆனால் முடிக்கப் போகிற இடத்தில் கட்டுரையாளர் ஒரு வரி எழுதியிருக்கிறார். மலைவாசத்தலத்தில் அறை பிடிக்க நேரம் இருக்கிற இன்றைய பெற்றோருக்குச் சொந்த ஊருக்குப் போகத்தான் மனம் வரவில்லையாம். அதனால்தான் குழந்தைகளுக்கு அத்தை யார், சித்தி யார் என்று தெரியவில்லையாம். மனம் மட்டும் இருந்தால் போதும், நேராக எழும்பூரில் போய் ஏறிக்கொள்ளலாம் என்று அவருக்குச் சொன்னவர் யார் என்று அறிய ஆவலாக இருக்கிறேன். அந்த ரயிலில் எங்களுக்கும் இடம் பிடித்துத் தர முடியுமா என்று கேட்டுச் சொல்லுங்கள்.

எங்கள் ஊர் கடையநல்லூருக்கும் தென்காசிக்கும் இடையில் இருக்கிறது. நான் இருப்பது பெருங்களத்தூரில். அக்காள் குடும்பம் திருப்பூரில், தம்பி பெங்களூரில், சித்தி மக்கள் தாராவியில். நாங்கள் எல்லோரும் ஒரே கூரையின் கீழ் படுத்தெழும்புவது கோடையில் வரும் அம்மன் கோவில் கொடைத் திருவிழாவுக்கு மட்டும்தான். கல்யாணத்துக்கு வராதவன்கூடக் கொடைக்கு வந்துவிடுவான்.

கொடைக்கு எப்படி நாள் குறிப்பார்கள் என்பது தங்களுக்குத் தெரியாததல்ல. பங்குனியில் ஊர்க்கூட்டம் போடுவார்கள். தலைக்கட்டுக்கு, அதாவது குடும்பத்துக்கு, வரி எவ்வளவு என்பதில் முதல் கூட்டம் முறியும். வில்லுப்பாட்டு மட்டும் போதுமா, கணியான் கூத்தும் வேண்டுமா என்பதில் அடுத்த கூட்டம் முறியும். போன கொடையில் கணக்குச் சொல்லாத அண்ணாச்சியைப் பற்றி யாராவது வாயைத் திறந்தால் அதற்கு ஒரு வாரம் போகும். கடைசியில் சித்திரையில் எந்தச் செவ்வாய் என்று முடிவாகி எங்களுக்குத் தொலைபேசி வரும்போது கொடையைத் தொடங்கிவைக்கும் கால்நாட்டுக்குச் சில வாரங்கள்தான் மிச்சம் இருக்கும்.

ரயில்வே 60 நாளுக்கு முன்பே முன்பதிவைத் திறந்துவிடுகிறது. 2024 நவம்பருக்கு முன் அது 120 நாளாக இருந்தது. குறைத்ததில் பயணிகளுக்கு நன்மை என்று விளக்கம் சொன்னார்கள். நன்மையை நான் மறுக்கவில்லை, எனக்கு வந்து சேரவில்லை என்று மட்டும் சொல்கிறேன். முன்பு நான்கு மாதத்துக்கு முன் கிடைக்காத இடம் இப்போது இரண்டு மாதத்துக்கு முன் கிடைப்பதில்லை. திறந்த சற்று நேரத்திலேயே தென்மாவட்டத்து இரவு ரயில்கள் காத்திருப்போர் பட்டியலுக்குப் போய்விடுகின்றன. இனி எங்கள் அம்மன்தான் 60 நாளுக்கு முன்பே குறி சொல்லப் பழகிக்கொள்ள வேண்டும்.

கடைசி நேர முன்பதிவான தட்கல் இருக்கிறதே என்பார் கட்டுரையாளர். இருக்கிறது. குளிர்சாதனப் பெட்டிக்குக் காலை 10 மணி, சாதாரணப் படுக்கைக்கு 11 மணி. 2025 ஜூலையிலிருந்து ஆதாரைச் சரிபார்த்தால்தான் இணையத்தில் எடுக்க முடியும்; அதையும் செய்தாயிற்று. என் கணவர் அலுவலகத்தில் ஒரு கணினி முன்னாலும், நான் வீட்டில் அடுப்பை அணைத்துவிட்டுக் கைப்பேசியோடும் உட்கார்ந்தோம். பணம் கட்டும் பக்கம் வந்து, கடவுச்சொல் வந்து, அதை அடித்து முடிப்பதற்குள் இடங்கள் தீர்ந்துவிட்டன. ஒரு வேளை கிடைத்திருந்தாலும் ஒரு தட்கல் டிக்கெட்டில் நான்கு பேருக்குத்தான் இடம். என் மாமியாரையும் சேர்த்து நாங்கள் ஐந்து பேர். யாரை விட்டுவிட்டுப் போனால் உறவு வளரும் என்று கட்டுரையாளர் எழுதினால் கடமைப்பட்டவளாக இருப்பேன்.

பிறகு பஸ். தென்காசிக்குப் போகும் தனியார் சொகுசுப் பேருந்து ஒன்றில் கேட்டோம். சாதாரண நாளில் கேட்கும் கட்டணத்தைப் போல் இரண்டரை மடங்கு சொன்னார்கள். ஏன் என்று கேட்டதற்கு, "சீசன் அம்மா" என்று ஒரே பதில். ஆம்னி பஸ்களுக்கு அரசு கட்டணம் நிர்ணயிப்பதில்லை என்பது தங்களுக்குத் தெரியும். தீபாவளி, பொங்கல் வந்தால் கூடுதல் கட்டணம் வாங்கினால் நடவடிக்கை என்று ஓர் அறிக்கையாவது வரும். கோடைக்கு அந்த அறிக்கைகூட என் கண்ணில் படவில்லை. கொடுத்தோம். மாமியார் படுக்க முடியாமல் திருச்சி தாண்டும்வரை உட்கார்ந்தே வந்தார். மேல் படுக்கையைக் கொடுத்துவிட்டு, கீழ்ப் படுக்கைக்காரரிடம் நீங்களே பேசிக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டார்கள்.

போவதை விடுங்கள், திரும்புவது இன்னும் விசேஷம். பள்ளி திறக்கும் நாளைப் பார்த்து ஏப்ரலிலேயே திரும்புகாலுக்கு டிக்கெட் எடுத்து வைத்தால், வெயில் அதிகம் என்று திறப்பைத் தள்ளி வைப்பார்கள். 2023இல் ஜூன் 1 என்றது 7 ஆகி, பிறகு பெரிய வகுப்புகளுக்கு 12 என்றும் சின்ன வகுப்புகளுக்கு 14 என்றும் ஆனது. 2024இலும் 6ஆம் தேதி 10க்குப் போனது. வெயிலில் குழந்தைகள் வாடக் கூடாது, சரிதான். ஆனால் ஆச்சி வீட்டில் இன்னும் ஒரு வாரம் என்று பிள்ளைகள் குதிக்கும்போது, கையில் இருக்கும் டிக்கெட்டை ரத்து செய்தால் வேறு டிக்கெட் கிடையாது என்பது எனக்கு மட்டும் தெரியும். பிள்ளைகள் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டுதான் ரயில் ஏறின. இதற்கும் மனமில்லாமைதான் காரணமா?

நாங்கள் போய்வருவதுதான் இந்தப் பாடு, அம்மாவை இங்கே வரவழைக்கலாம் என்றால் அதற்கும் வழி அடைத்தாயிற்று. 58 வயதான பெண்களுக்குப் பாதிக் கட்டணமும் 60 வயதான ஆண்களுக்கு 40 சதவீதத் தள்ளுபடியும் ரயிலில் இருந்தன. 2020 மார்ச்சில் கொரோனாவைக் காரணம் காட்டி நிறுத்தினார்கள். கொரோனா போய்விட்டது, சலுகை திரும்பவில்லை. பேத்தியையாவது துணைக்கு அழைத்து வரலாம் என்றால், 5 வயது முடிந்த குழந்தைக்குப் படுக்கை வேண்டுமென்றால் 2016இலிருந்து முழுக் கட்டணம். கிழவிக்கும் முழுசு, குழந்தைக்கும் முழுசு. கட்டுரையாளர் சொல்லும் அந்தப் பாட்டி, பேத்தி பாசத்துக்கு ரயில்வே வைத்திருக்கும் விலை இது.

தங்களிடமும் எனக்கு வருத்தம் உண்டு. அதே சிறப்பிதழில் ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் இ-பாஸ் எடுப்பது எப்படி என்று முழுப் பக்கம் போட்டிருக்கிறீர்கள். தென்மாவட்டங்களுக்கு விடும் கோடைச் சிறப்பு ரயில்களைப் பற்றி ஒரு வரி இல்லை. மலைக்குப் போகிறவனுக்கு வழி சொல்லிவிட்டு, அடுத்த பக்கத்தில் அவன் ஏன் ஊருக்குப் போகவில்லை என்று திட்டுவது என்ன நியாயம்? இது இன்று நேற்றுப் பழக்கமும் இல்லை. செங்கோட்டை, புனலூர் ரயில் பாதையை அகலப்பாதையாக்க 2010இல் மூடினார்கள்; 2018இல்தான் முழுமையாகத் திறந்தார்கள். கேரளத்தில் இருக்கும் அந்தப் புனலூரில் கட்டிக்கொடுத்த எங்கள் அத்தை அத்தனை ஆண்டும் மலைப்பாதையில் பஸ்ஸில் வாந்தி எடுத்துக்கொண்டேதான் கொடைக்கு வந்தார். அதைப் பற்றி அன்று நான் இரண்டு பக்கம் எழுதி அனுப்பினேன். தாங்கள் அதை நான்கு வரியாக்கிக் குறுக்கெழுத்துப் போட்டிக்குக் கீழே வெளியிட்டீர்கள். வெளியிட்டதற்கு நன்றி.

பெரிதாக எதுவும் கேட்கவில்லை. மே முதல் வாரப் பயணத்துக்கு முன்பதிவு மார்ச் தொடக்கத்திலேயே திறந்துவிடுகிறது. அடுத்த ஆண்டு பிப்ரவரி கடைசி இதழில், எந்தத் தேதிப் பயணத்துக்கு எந்தத் தேதியில் முன்பதிவு தொடங்கும் என்று ஒரு சின்னக் கட்டம் போடுங்கள். சிறப்பு ரயில் அறிவிப்பு வந்தால் அந்த வாரமே அதையும் சேருங்கள். நுங்குப் படத்தைக் கொஞ்சம் சிறிதாக்கினால் இடம் கிடைத்துவிடும்.

இந்தக் கடிதத்தையும் சுருக்குவதாக இருந்தால், தட்கல் பற்றிய பத்தியில் மட்டும் கைவைக்க வேண்டாம் என்று பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
நெடுநாள் வாசகி,
பெருங்களத்தூர்