லண்டனிலும் ஒரு புலமைப்பரிசில்

அன்பின் மச்சானுக்கு,

சுகம்தானே? அம்மாவின் முழங்கால் நோவு குறைந்துவிட்டது என்று எழுதியிருந்தாய், சந்தோசம். இந்தமுறை ஐந்தாம் வகுப்புப் புலமைப்பரிசில் சோதனையில் உன் வகுப்பில் முப்பது பேரில் பதினொரு பேர் வெட்டுப்புள்ளிக்கு மேலே வந்துவிட்டார்கள் என்பதையும் வாசித்தேன். மற்றப் பத்தொன்பது பேரைப் பற்றி ஒரே ஒரு வரிதான் இருந்தது: "அதுகளின்ர முகத்தைப் பார்க்க ஏலாமல் கிடக்கு." உடனே பதில் எழுதியிருக்க வேண்டும். ஆனால் எங்கள் வீட்டிலும் இப்போது அதே காய்ச்சல். சின்னவள் போன மாதம் சோதனை எழுதினாள்.

"லண்டனிலும் ஸ்கொலசிப்பா? இந்தச் சாபம் எங்களுக்கு மட்டும்தான் என்று நினைத்தேன்" என்று போனில் சிரித்தாய். அன்றைக்கு நான் வேலைக்குப் போகிற அவசரத்தில் இருந்தேன். இப்போது ஆறுதலாக இருந்து எழுதுகிறேன்.

இங்கே இதற்குப் பெயர் லெவன் பிளஸ். 1944ஆம் ஆண்டுக் கல்விச் சட்டத்தோடு நாடு முழுக்கப் பரவியது. பத்து, பதினொரு வயதில் ஒரு சோதனை. தேறினால் கெட்டிக்காரப் பிள்ளைகளுக்கென்று இருக்கிற கிராமர் ஸ்கூல், தேறாவிட்டால் சாதாரணப் பள்ளிக்கூடம். அறுபதுகளின் நடுவில் 1,200க்கும் மேற்பட்ட கிராமர் பள்ளிக்கூடங்கள் இருந்தன. பிள்ளைகளை இப்படிப் பிரிக்க வேண்டாம், எல்லாரும் ஒன்றாகப் படிக்கட்டும் என்று 1965இல் தொழிற்கட்சி அரசாங்கம் உள்ளூர்க் கல்விச் சபைகளைக் கேட்டுக்கொண்டது. அப்படி எல்லாரும் சேர்ந்து படிக்கிறவைதான் கொம்ப்ரிஹென்சிவ் பள்ளிக்கூடங்கள். இதில் வேடிக்கை என்னவென்றால், ஆகக் கூடுதலான கிராமர் பள்ளிக்கூடங்கள் கொம்ப்ரிஹென்சிவ் ஆனது தொழிற்கட்சிக் காலத்தில் இல்லை. எழுபதுகளின் தொடக்கத்தில் கன்சர்வேட்டிவ் கட்சியின் மார்கரட் தட்சர் கல்வி அமைச்சராக இருந்தபோதுதான். இன்று இங்கிலாந்தில் மிஞ்சியிருப்பவை 163. ஸ்கொட்லாந்திலும் வேல்சிலும் ஒன்றுகூட இல்லை. 1998இல் வந்த சட்டப்படி புதிதாக ஒன்று தொடங்கவும் முடியாது.

கென்ட் பக்கம் போனால் ஊருக்கு ஊர் இருக்கும். லண்டனில் அங்கொன்று இங்கொன்று. நாங்கள் இருக்கிற சட்டன் பகுதியில் மட்டும் ஐந்து. ஐந்தும் அரசாங்கப் பள்ளிக்கூடங்கள், ஒரு சதம் கட்டத் தேவையில்லை. அதனால்தான் இந்த அடிபிடி. எங்கள் சனம் இந்தப் பக்கம் வீடு தேடுவதற்குக் கோயிலும் தமிழ்க் கடையும் காரணம் என்று சொல்வார்கள். உண்மைக் காரணம் இந்த ஐந்தும்தான் என்பது என் எண்ணம்.

சரி, மூத்தவனுக்கு நான் செய்த கூத்தை இதுவரை உனக்கு எழுதவில்லை. வெட்கமாக இருந்தது. எட்டு வயதில் அவனைக் கொண்டுபோய் ஒரு ரியூசன் வகுப்பில் விட்டேன். சனிக்கிழமை காலை மூன்று மணித்தியாலம். ஒரு வருடம் போனது, அது போதாது என்று யாரோ சொன்னார்கள், கணிதத்துக்குத் தனியாக ஒரு ஆள். கடைசி ஆறு மாதமும் ஞாயிற்றுக்கிழமைகளில் 'மோக்', அதாவது மாதிரிச் சோதனை. அது முடிந்ததும் யார் எத்தனையாம் ஆள் என்று ஒரு பட்டியல் வரும். ஒருநாள் இருநூற்றுச் சொச்சம் பேரில் தொண்ணூற்று ஏழாவதாக வந்தான். வீடு வரும்வரை நான் காரில் ஒரு சொல் கதைக்கவில்லை. பின் கதிரையில் இருந்து அவன் சீட் பெல்ட்டைக் கடித்துக்கொண்டு வந்தது கண்ணாடியில் தெரிந்தது. ஏசியிருந்தால்கூட அவன் அழுது தீர்த்திருப்பான்.

அந்த நாட்களில்தான் ஒருமுறை கேட்டான்: "அப்பா, நான் ஃபெயில் விட்டால் அந்த ஸ்கூலுக்குத்தானே போகவேணும், அங்கே என்னை அடிப்பார்களா?" அவன் கேட்டது எங்கள் வீட்டில் இருந்து ஐந்து நிமிட நடையில் இருக்கும் கொம்ப்ரிஹென்சிவ் பள்ளிக்கூடத்தைப் பற்றி. அவன் அதன் படலைக்குள் ஒருநாளும் போனதில்லை. பிறகு இந்தப் பயம் எங்கிருந்து வந்தது? எங்கள் சாப்பாட்டு மேசையில் இருந்துதான். வீட்டுக்கு வருகிறவர்களோடு நானும் மனுசியும் "அங்கே போனால் பிள்ளை அவ்வளவுதான்" என்று பிளேன்ரீ குடித்துக்கொண்டு கதைத்ததெல்லாம் அவன் காதில் விழுந்திருக்கிறது. நாங்களும் அதற்குள் போய்ப் பார்த்ததில்லை.

அவனுக்குக் கிடைக்கவில்லை, கொஞ்சப் புள்ளிகளால். அந்தப் பள்ளிக்கூடத்துக்குத்தான் போனான். முதல் நாள் அந்த உடுப்பைப் போட்டுக்கொண்டு அவன் போன போக்கு இன்றைக்கும் என் கண்ணில் நிற்கிறது. சரியாக ஒரு வருடம் எடுத்தது அவன் பழையபடி சிரிக்க. இப்போது நன்றாகப் படிக்கிறான், இரசாயன ரீச்சர் என்றால் உயிர். அடிக்கவும் இல்லை ஒருவரும்.

அதனால் சின்னவளின் முறை வந்தபோது நாங்கள் முதலில் செய்தது புத்தகம் வாங்குவது அல்ல. அந்தக் கொம்ப்ரிஹென்சிவ் பள்ளிக்கூடத்தின் 'ஓப்பின் ஈவ்னிங்'குக்கு அவளைக் கூட்டிக்கொண்டு போனோம். அண்ணன்காரன்தான் வழிகாட்டி. மண்பாண்டம் செய்கிற அறையில் சூளையைத் திறந்து காட்டினான். அவள் அங்கேயே நின்றுவிட்டாள். வரும்போது கையில் ஒரு கோணல் மண்கிண்ணம், இப்போது என் கார்ச் சாவி அதற்குள்தான் கிடக்கிறது. "இங்கே வந்தாலும் எனக்கு ஓகே" என்று காரில் சொன்னாள். அந்தக் கிழமைதான் முதல் பேப்பரை மேசையில் வைத்தோம்.

ரியூசன் வேண்டாம் என்று முடிவெடுத்தோம். இரவுச் சாப்பாட்டுக்கு முன் குசினி மேசையில் அரை மணித்தியாலம், ஞாயிறு லீவு. சட்டனில் முதல் கட்டத்தில் ஆங்கிலமும் கணிதமும்தான், இரண்டும் பல்தேர்வு வினாக்கள். அதில் தேறினால் இரண்டாவது கட்டம். கென்டில் இதோடு சொற்களையும் உருவங்களையும் வைத்து நியாயம் பிடிக்கிற கேள்விகளும் வரும். அங்கே இருக்கிற மனுசியின் தங்கை அப்படி ஒரு புத்தகம் அனுப்பியிருந்தா. அடுத்தடுத்து இரண்டு சொற்கள், முதல் சொல்லின் வாலிலும் இரண்டாவது சொல்லின் தலையிலும் இன்னொரு சொல் ஒளிந்திருக்கும், அதைக் கண்டுபிடிக்க வேண்டும். எங்களுக்கு அது தேவைப்படாத பகுதி. ஆனால் அவளுக்கு அதில் பைத்தியம் பிடித்துவிட்டது. ஒருநாள் புட்டு தின்றுகொண்டிருக்கும்போது தமிழில் செய்வோம் என்றேன். "அம்மா தம்பியைக் கூப்பிட்டா" என்று நான் சொல்ல, மூத்தவன் கொஞ்சநேரம் யோசித்து "மாதம்" என்றான். சின்னவள் விடுவாளா? இரண்டு நாள் கழித்து, குளித்துவிட்டுத் தலை துவட்டாமல் ஓடிவந்து "அக்கா சுத்தம் செய்தாள்" என்றாள். "காசு"! உன் வகுப்பில் கொடுத்துப் பார், நீ வாத்தியார், இன்னும் நல்லதாகச் செய்வாய்.

ஆங்கிலம்தான் எதிர்பாராத இடத்தில் காலை வாரியது. இங்கே பிறந்த பிள்ளை, கனவிலும் ஆங்கிலம்தான் பிதற்றுகிறாள். ஆனால் வாசித்து விளங்கிக்கொள்வதற்கு அவர்கள் தரும் பந்திகள் நூறு வருடத்துக்கு முந்திய கதைகளில் இருந்தும் வரும். 'ஸ்கல்லரி' என்று ஒரு சொல். பேந்தப் பேந்த முழித்தாள். "எங்கள் ஊர் வீட்டில் குசினிக்குப் பின்னால் சட்டி பானை கழுவுகிற இடம் மாதிரி" என்று மனுசி விளக்கினா. ஊர் வீட்டுக் குசினியும் அவளுக்குத் தெரியாது! அன்றில் இருந்து லைப்ரரிதான். பழைய கதைப் புத்தகங்களை மனுசி சத்தமாக வாசிக்க, அவள் கேட்டுக்கொண்டு படுத்திருப்பாள். இந்த ஒரு வருடத்தில் மனுசியின் ஆங்கிலமும் ஏறிவிட்டது, அது தனிக்கதை.

கணிதத்தில் பிழைக் கொப்பி ஒன்று வைத்தோம். பிழைவிட்ட கணக்கை மட்டும் அதில் எழுதி, பக்கத்தில் ஏன் பிழைத்தது என்று அவளே எழுத வேண்டும். ஒரு மாதம் கழித்துப் புரட்டிப் பார்த்தால் 'தெரியாது' என்று எழுதியது கொஞ்சம். பாதிக்கு மேல் 'கேள்வியை வாசிக்கவில்லை'. மூத்தவனுக்கு நான் மணித்தியாலத்துக்கு 40 பவுண் கொடுத்துப் புதுப் புதுக் கணக்குப் படிப்பித்ததை நினைத்துப் பார்த்தேன்.

இன்னொன்று கேள். விடை எழுதுவது தனித்தாளில், சின்னப் பெட்டிக்குள் பென்சிலால் ஒரு கோடு. ஒருநாள் வீட்டில் ஐம்பதில் பதினெட்டு எடுத்தாள். என்னடா இது என்று பார்த்தால், பதினேழாவது கேள்வியைப் பிறகு செய்வோம் என்று விட்டிருக்கிறாள், விடைத்தாளில் விடவில்லை. பதினெட்டின் விடை பதினேழில், பத்தொன்பதின் விடை பதினெட்டில் என்று கடைசிவரை ஒரு படி வழுக்கிப் போயிருந்தது. பிறகு ஐந்து கேள்விக்கு ஒருமுறை இடது கை விரலை இலக்கத்தில் வைத்துச் சரிபார்க்கப் பழக்கினோம்.

ஒரு விசயம் உனக்குப் பிடிக்கும். இவள் ஓகஸ்ட் கடைசியில் பிறந்தவள். இங்கே வகுப்புக் கணக்கு செப்டெம்பர் 1 முதல் ஓகஸ்ட் 31 வரை, ஆகவே வகுப்பிலேயே ஆகச் சின்னவள். சோதனைப் புள்ளியை அவர்கள் வயதுக்கு ஏற்றபடி சரிக்கட்டித்தான் கணக்கெடுக்கிறார்கள். பத்து வயதில் பதினொரு மாத வித்தியாசம் சின்ன விசயமா? நாங்கள் எழுதியபோது பிறந்த மாதத்தை யார் பார்த்தது!

ஆனால் உன் பழைய கோபம் இங்கேயும் பொருந்தும். ஏழைப் பிள்ளை கெட்டித்தனத்தால் மேலே வரட்டும் என்றுதான் இரண்டு சோதனைக்கும் நியாயம் சொன்னார்கள். இங்கே வீட்டு வருமானம் குறைவு என்பதால் பள்ளிக்கூடத்தில் இலவசச் சாப்பாடு எடுக்கும் பிள்ளைகள் கிராமர் ஸ்கூலுக்குள் மிகக் குறைவு. அதனால் சில பள்ளிக்கூடங்கள் அப்படிப்பட்ட பிள்ளைகளுக்கு இப்போது இடம் ஒதுக்குகின்றன. சோதனை நாளில் வெளியே நின்றபோது ஒரு கொரிய அம்மா, ஒரு வெள்ளைக்கார அப்பா, எங்கள் ஆட்கள் இரண்டு பேர், எல்லாரும் "சும்மா எழுதிப் பார்க்கட்டும் என்று வந்தது, ஆயத்தம் ஒன்றும் இல்லை" என்றார்கள். எங்கள் ஆட்களில் ஒருவரின் பையில் இருந்து நிறம் நிறமாகப் போட்ட ஒரு அட்டவணை எட்டிப் பார்த்தது. நானும் அதையேதான் சொன்னேன், பொய் சொல்வானேன்.

முதல் கட்டம் தேறிவிட்டாள். இரண்டாவது கட்டம் போன சனிக்கிழமை முடிந்தது. முடிவு வந்ததும் இந்த மாதம் 31ஆம் திகதிக்கு முன் ஆறு பள்ளிக்கூடங்களை வரிசைப்படுத்திப் படிவம் கொடுக்க வேண்டும். தேறினாலும் இடம் நிச்சயம் இல்லை. எது என்று மார்ச் 1இல்தான் தெரியும். மூன்றாவதாக அண்ணன்ர பள்ளிக்கூடத்தைப் போடச் சொல்கிறாள். சூளைக்காகவாம்.

மச்சான், இவ்வளவும் எழுதும்போது ஒன்று மனதுக்குள் கிடந்து அரிக்கிறது. நீயும் நானும் ஜாம் போத்தல் விளக்கில் ஒரே கடந்தகால வினாத்தாளை மாறி மாறிப் பார்த்துப் படித்தோம். மண்ணெண்ணெய் இல்லாத நாட்களில் உங்கள் வீட்டு விறாந்தையில், வெளிச்சம் போகுமட்டும். எனக்கு வெட்டுப்புள்ளிக்கு மேலே நான்கு புள்ளி, உனக்குக் கீழே மூன்று. முடிவு வந்த பின்னேரம் உன் அம்மா என்னைக் கூப்பிட்டுச் சீனி போட்ட புட்டு தந்தார். "கெட்டிக்காரன்" என்று தலையைத் தடவினார். நீ கிணற்றடியில் நின்று வாளியில் தண்ணீர் இறைத்துக்கொண்டே இருந்தாய், தொட்டி நிரம்பி வழிந்தபிறகும். நான் புட்டைத் தின்றுவிட்டு வந்துவிட்டேன். தை மாதம் பட்டணத்துப் பள்ளிக்கூடத்துக்குப் போய்விட்டேன். நீ ஊர்ப் பள்ளிக்கூடத்திலேயே இருந்தாய். இன்றைக்கு அங்கேயே வாத்தியார்.

மூத்தவனைக் கண்ணாடியில் பார்த்த அன்றைக்கே இதைக் கேட்டு எழுத நினைத்தேன், எழுதவில்லை. ஆறாம் வகுப்பில் அந்த வாங்கில் உனக்குப் பக்கத்தில் யார் இருந்தது?

அம்மாவைக் கேட்டதாகச் சொல். முழங்காலுக்குப் பூசுகிற களிம்பு அடுத்த மாதம் ஊருக்கு வருகிற ஆளிடம் கொடுத்துவிடுகிறேன்.

அன்புடன்,
உன் பழைய வாங்குக்காரன்