எங்கள் ரசிகர்களோடு பேச வழிவிடுங்கள்: இணையக் கலைத்தள நிர்வாகத்தினருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய நிர்வாகத்தினருக்கு,

வணக்கம். பதிவுகளைக் காட்டும் வரிசைமுறையை அண்மையில் மாற்றினீர்கள்; அதனால் எங்கள் பதிவுகள் எங்களைப் பின்தொடர்கிறவர்களில் பலரின் திரைக்கே போவதில்லை. அந்த மாற்றத்துக்கான காரணங்களும் அதன் விளைவுகளும் நீங்கள் அறியாதவை அல்ல என்பதால் பழங்கதையை மீண்டும் சொல்லப் போவதில்லை. ஓவியர்களும் அச்சுக்கலைஞர்களும் சேர்ந்து நடத்தும் ஒரு சிறு குழுவின் சார்பில் ஒரே ஒரு கோரிக்கையை முன்வைக்கிறேன். எங்களைப் பின்தொடர்கிறவர்களின், எங்கள் படைப்புகளை வாங்குகிறவர்களின் மின்னஞ்சல் பட்டியலை, அவர்களுடைய சம்மதத்தோடு எங்களிடம் தாருங்கள்.

எங்கள் குழுவில் லினோ எனும் மென்மையான தகட்டில் செதுக்கி அச்சிடும் கலைஞர் ஒருவர் இருக்கிறார். ஒரு வண்ணம் அச்சாகி முடிந்ததும் அதே தகட்டை மேலும் செதுக்கி அடுத்த வண்ணத்தை அச்சிடுவது அவருடைய முறை. செதுக்கி எடுத்த பகுதி திரும்பி வராது என்பதால், பின்னர் ஒரு பிரதிகூடக் கூடுதலாக எடுக்க முடியாது. எத்தனை பேர் வாங்குவார்கள் என்பதை முதல் வண்ணத்துக்கு முன்பே தீர்மானித்தாக வேண்டும். அவர் உங்கள் தளத்தில் தம்மைப் பின்தொடர்வோரிடம் கேட்டார், வேண்டும் என்றவர்களின் எண்ணிக்கையை நம்பித் தாள் வாங்கினார், மை உலர்ந்தபின் ஒவ்வொரு பிரதியிலும் எண்ணிட்டுக் கையொப்பமிட்டார். விற்பனை தொடங்கிவிட்டது என்று அவர் போட்ட பதிவு, வேண்டும் என்று சொன்னவர்களில் பெரும்பாலோரின் திரைக்குப் போகவே இல்லை. பணம் கட்டினால் இன்னும் பலருக்குக் காட்டுவதாகச் சொல்லும் உங்கள் பொத்தான் மட்டும் அந்தப் பதிவின் கீழே தவறாமல் இருந்தது. சில வாரங்கள் கழித்து, "எங்களுக்கு ஏன் தெரிவிக்கவில்லை?" என்று அதே ரசிகர்கள் வருத்தத்தோடு அவரிடம் கேட்டார்கள். அடுத்த பதிப்புக்கான அவருடைய முதலீடு முழுவதும் இன்று விற்காத அச்சுகளாக அலமாரியில் முடங்கிக் கிடக்கிறது.

ஒரு கலைஞரின் தொழில் நிலைப்பது, முன்பு வாங்கியவர் மறுபடி வாங்கும்போதுதான். அவர்களை ஆண்டுக்கணக்கில் ஒவ்வொருவராகச் சேர்த்தவர்கள் நாங்கள். அவர்களிடம் ஒரு சேதி சொல்ல நாங்களே கட்டணம் செலுத்த வேண்டும் என்பதை எந்த நியாயத்தில் சேர்ப்பது?

தளங்கள் நிரந்தரமல்ல என்பது உங்களுக்கும் தெரியும். குறுங்காணொளிச் செயலியான வைன் 2017 ஜனவரியில் மூடப்பட்டது. 2015-க்குப் பிந்தாத காலத்தில் பதிவேற்றிய பாடல்களும் படங்களும் தொலைந்திருக்கலாம் என்று மைஸ்பேஸ் என்ற சமூக வலைத்தளம் 2019-இல் ஒப்புக்கொண்டது. இசைக்கலைஞர்கள் தங்கள் இசையை நேரடியாக விற்கும் தளமான பேண்ட்கேம்ப் 2022-இல் எபிக் கேம்ஸ் என்ற விளையாட்டு நிறுவனத்துக்குக் கைமாறியது; மறு ஆண்டே சாங்ட்ராடர் என்ற இசை உரிம நிறுவனத்துக்குக் கைமாறியபோது அதன் ஊழியர்களில் ஏறத்தாழப் பாதிப் பேர் வேலை இழந்தார்கள். ஆனால் அந்தத் தளம் இசைக்கலைஞர்கள் தங்கள் ரசிகர்களின் மின்னஞ்சல் பட்டியலைத் தரவிறக்கிக்கொள்ள இடம் கொடுத்திருந்தது. மின்னஞ்சல் மடல்களை வெளியிடும் தளமான சப்ஸ்டாக்கில் எழுதுகிறவர்களும் தங்கள் சந்தாதாரர் பட்டியலை எடுத்துக்கொண்டு வெளியேறலாம். எனவே நாங்கள் கேட்பது நடைமுறைக்கு ஒவ்வாத ஒன்றல்ல.

தனியுரிமையைக் காரணம் காட்டி மறுப்பீர்களானால், அதை நாங்களும் மதிக்கிறோம் என்பதைச் சொல்லிக்கொள்கிறேன். பின்தொடரும்போதோ பணம் செலுத்தும்போதோ, "என் மின்னஞ்சலை இந்தக் கலைஞருக்குத் தரலாம்" என்று ரசிகரே குறியிட்டுத் தேர்வு செய்யும் ஒரு சிறு கட்டத்தை வையுங்கள். முன்கூட்டியே குறியிட்டு வைக்காதீர்கள். விரும்பாதவர்களின் முகவரி எங்களுக்கு வேண்டவே வேண்டாம்.

வரிசைமுறை மாற்றத்தோடு இது முடிந்திருந்தால் இவ்வளவு கசப்பு இருந்திருக்காது. கட்டணம் ஏறுகிறது, நாங்கள் பதிவேற்றிய ஓவியங்களைக் கொண்டு செயற்கை நுண்ணறிவுக்குப் பயிற்சி கொடுக்கும் உரிமை விதிமுறைகளின் நடுவே ஒரு பத்தியாக நுழைகிறது, எல்லாம் நடந்து முடிந்தபின்னரே எங்களுக்குத் தெரியவருகிறது. கைவினைப் பொருட்களை விற்கும் இணையச் சந்தையான எட்ஸி தன் பரிவர்த்தனைக் கட்டணத்தை 2022 ஏப்ரலில் 5 சதவீதத்திலிருந்து 6.5 சதவீதமாக உயர்த்தியபோது, விற்பனையாளர்கள் பலர் ஒரு வாரம் தங்கள் கடைகளை மூடி எதிர்த்தார்கள். வேறு எங்கும் தங்கள் வாடிக்கையாளரை அழைத்துச் செல்ல வழியில்லாதவர்களுக்கு அதைவிட வேறென்ன ஆயுதம் இருக்கிறது? விதிமுறைகளை மாற்றும் தளங்கள் குறைந்தது 15 நாட்களுக்கு முன்பே வணிகப் பயனர்களுக்கு அறிவிக்க வேண்டும் என்று ஐரோப்பிய ஒன்றியம் 2020 ஜூலை முதல் சட்டமாகவே நடைமுறைப்படுத்துகிறது. சட்டம் வற்புறுத்தாத இடங்களிலும் அந்த மரியாதையை நீங்கள் காட்டலாம்.

கோரிக்கையிலிருந்து சற்று விலகிவிட்டேன், பொறுத்தருளுங்கள். கட்டணங்களையும் பயிற்சி உரிமையையும் பற்றித் தனியே பேசலாம், பேசத்தான் வேண்டும். இப்போதைக்கு, சம்மதம் தந்த ரசிகர்களின் பட்டியலை ஒவ்வொரு கலைஞரும் தம் கணக்கிலிருந்து தரவிறக்கிக்கொள்ளும் வசதியை மட்டும் செய்துதாருங்கள். வரிசைமுறையில் அடுத்த மாற்றம் வருவதற்குள் அதைச் செய்துவிடுவீர்கள் என்றால் பேருதவியாக இருக்கும். எப்போது செய்வீர்கள் என்ற தேதியை எல்லோருக்கும் தெரியும்படி அறிவிக்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
அச்சுக்கலைக் குழுவின் சார்பில், ஓர் ஓவியர்