ஒலிப்பதிவு மென்பொருள் விற்கும் நிறுவனங்களுக்கு ஒரு திறந்த மடல்

வணக்கம். நான் மேலூர்ப் பக்கத்து ஆள். பகலில் கடையில் கணக்கு எழுதுகிறேன், ராத்திரியில் ஒரு மைக்கையும் பழைய லேப்டாப்பையும் வைத்துக்கொண்டு ஊர்ப் பாட்டுகளைப் பதிவு செய்கிறேன். நடவுப் பாட்டு, தாலாட்டு, கும்மி, முளைப்பாரிப் பாட்டு. இதில் பைசா வருமானம் கிடையாது. ஆனால் உங்களில் பலருடைய விலைப் பட்டியலில் எனக்கும் சினிமாவுக்கு மிக்ஸிங் செய்கிற ஸ்டுடியோவுக்கும் ஒரே விலைதான்.

விலையையாவது காசு சேர்த்துச் சமாளிக்கலாம், மாதச் சந்தாவைத்தான் தாங்க முடியவில்லை. நாங்கள் என்ன மாதா மாதமா பதிவு செய்கிறோம்? திருவிழாச் சமயத்தில் ராப்பகலாக வேலை ஓடும், அப்புறம் பல மாதம் அந்தப் பக்கமே போகமாட்டோம். அதனால் சந்தாவை நிறுத்தினேன். நிறுத்தியதும், மூன்று பாட்டிகள் பாடிய முளைப்பாரிப் பாட்டைத் திறந்து வேலை செய்ய முடியாமல் போனது. ஆளுக்கொரு ட்ராக் (தனி ஒலித்தடம்), குலவைக்குத் தனி ட்ராக் என்று எடுத்தது. குரல்கள் என் லேப்டாப்பில்தான் இருக்கின்றன, ஆனால் எங்கே வெட்டினேன், குலவை பாட்டை அமுக்காமல் இருக்க எங்கே குறைத்தேன் என்கிற வேலை மொத்தமும் ப்ராஜெக்ட் ஃபைலுக்குள் பூட்டிக்கிடக்கிறது. அந்தப் பாட்டிகளில் ஒருவர் இப்போது இல்லை. பேத்தி வந்து அவர் குரலை மட்டும் தனியாகக் கேட்டபோது, இன்னொரு மாதச் சந்தா கட்டித்தான் எடுத்துக் கொடுத்தேன். வாடகைப் பந்தலைப் பிரித்துக்கொண்டு போங்கள், அதற்காக நடந்த கல்யாணத்தையுமா தூக்கிக்கொண்டு போவது?

நடக்காத காரியம் எதையும் கேட்கவில்லை. ரீப்பர் மென்பொருளைப் பாருங்கள். 60 நாள் எல்லா வசதியோடும் பயன்படுத்திப் பார்க்கலாம். சொந்த உபயோகத்துக்கும், ஆண்டு வருவாய் 20,000 டாலரைத் தாண்டாத சிறு தொழிலுக்கும் 60 டாலர், அதற்கு மேல் சம்பாதிக்கிற தொழிலுக்கு 225 டாலர். அதுவும் ஒரே தடவை கட்டுகிற காசு. 2023 மார்ச்சில் வேவ்ஸ் நிறுவனம், ஒலிப்பதிவு மென்பொருளோடு சேர்த்துப் போடுகிற துணைக் கருவிகளான ப்ளக்இன்கள் இனிமேல் சந்தாவில் மட்டும்தான் என்று அறிவித்து, உலகம் முழுக்க எதிர்ப்பு கிளம்பியதும் சில நாளிலேயே நிரந்தர உரிமத்தைத் திரும்பக் கொண்டுவந்தது. ஆக, மனசு வைத்தால் முடியும்.

கம்ப்யூட்டர் கடையில் கேட்டால், காசு கட்டாமல் பூட்டை உடைத்த திருட்டுப் பிரதியை, அதாவது கிராக் போட்டுத் தரவா என்கிறார்கள். எனக்கு மனசு வரவில்லை. மென்பொருளை எழுதி உருவாக்கியவர்களுக்குக் காசு போகத்தான் வேண்டும். ஆனால் காசு கொடுத்து வாங்கியவன்தான் சிக்னல் இல்லாத ஊரில், பாட வந்தவர்களை உட்காரவைத்துவிட்டு, லைசென்ஸ் சரிபார்க்க நெட் தேடி அலைகிறான். அது எந்த ஊர் நியாயம்?

வருமானத்தைப் பார்த்து விலை வையுங்கள், ஒரே தடவையில் வாங்கவும் வழி வையுங்கள். இதற்கு நாளாகும் என்றால் சரி, அடுத்த அப்டேட்டில் இந்த ஒன்றையாவது செய்யுங்கள்: சந்தா முடிந்தாலும் பழைய ப்ராஜெக்ட் திறக்க வேண்டும், செய்த வேலையோடு ட்ராக் ட்ராக்காக வெளியே எடுக்க விட வேண்டும்.